ரட்டர் பெடலும் சிலமலைச் சம்பந்தமும்

முப்பது வயதைத் தாண்டிய, கல்யாணமாகாத ஆணிடம் சம்பளமும் ஓய்வு நேரமும் சேர்ந்திருந்தால், அவன் ஏதாவது ஒரு பொருளைப் பற்றி அளவுக்கு மீறித் தெரிந்துகொள்வான். சிலருக்குக் கேமரா, சிலருக்கு மீன்தொட்டி. எனக்கு ரட்டர் பெடல்.

அது என்ன என்று என் அப்பா கேட்டபோது சொன்ன விளக்கத்தையே இங்கேயும் சொல்கிறேன். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. (அந்த நாட்களில் யாராவது விளையாட்டு என்றால் எனக்கு முகம் சுருங்கிவிடும். ‘சிமுலேட்டர்’ என்று திருத்துவேன்.) கையில் பிடித்து ஓட்ட ஜாய்ஸ்டிக் உண்டு. ஆனால் நிஜ விமானத்தின் மூக்கை இடமும் வலமும் திருப்புவது விமானியின் கால்கள். அதற்காக இரண்டு பெடல்கள். இடதை அழுத்தினால் மூக்கு இடப்பக்கம் போகும், வலதை அழுத்தினால் வலப்பக்கம். தரையில் ஓடும்போது இரண்டின் மேல்நுனியையும் கால்விரல்களால் சேர்த்து அழுத்தினால் பிரேக்.

அப்பா முழுவதையும் கேட்டுவிட்டு, “தையல் மிசினு மாதிரி” என்றார்.

போடிநாயக்கனூரில் எங்கள் வீடு. குரங்கணிக்கு மேலே அப்பாவுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம். நான் தேனிப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளன். இந்தக் கடைசித் தகவலை வாசகர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு நான் வைத்துக்கொள்ளவில்லை.

பெடல் தேர்ந்தெடுப்பதற்கு நான் எடுத்துக்கொண்ட காலத்தில் என் மாணவர்கள் ஒரு செமஸ்டரை முடித்துவிட்டார்கள். மதுரையில் ஒரு நண்பரிடம் பிளாஸ்டிக் பெடல் இருந்தது. ரயிலேறிப் போய் மிதித்துப் பார்த்தேன். இரண்டு பெடலும் நெருங்கியிருந்ததால், பஸ்சில் மூன்று பேர் சீட்டில் நான்காவதாக உட்கார்ந்தது போல முழங்கால்கள் ஒட்டிக்கொண்டன. அழுத்தினால் பெட்டியே முன்னால் நழுவிப் போயிற்று. நான் காலை நீட்டிக்கொண்டே துரத்தினேன். காபி கொண்டுவந்த நண்பரின் மனைவி, நாற்காலியிலிருந்து பாதி வழுக்கி, கிட்டத்தட்ட மேசைக்கு அடியில் கிடந்த என்னைப் பார்த்துவிட்டு, காபியை எங்கே வைப்பது என்று கணவரிடம் கேட்டார்.

அடுத்து நடுத்தரம். இடைவெளி சரி, ஆனால் ஸ்பிரிங் நடுவில் வந்ததும் ‘டொக்’ என்று ஒரு தட்டுத் தட்டுகிறது என்று வீடியோவில் ஒருவர் வருத்தப்பட்டார். அந்தத் தட்டை நான் கேட்டதேயில்லை. ஆனாலும் அவரைவிட அதிகம் வருத்தப்பட்டேன். மூன்றாவது, முழுக்க இரும்பு. நிஜ விமானத்தின் பிரேக் போலவே மிதிக்க மிதிக்க எதிர்த்து நிற்கும். நல்ல பலம் கொடுத்தால்தான் பிடிக்கும். அதைப் பற்றி எழுதிய எல்லோரும் தவறாமல் ஒரு வாக்கியம் எழுதியிருந்தார்கள்: இதைத் தரையிலோ சட்டத்திலோ போல்ட் போட்டு முடுக்குங்கள், நாற்காலியையும் சேர்த்துக் கட்டுங்கள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இதற்கிடையே கால்களுக்குப் பயிற்சி வேறு. கல்லூரிக் கூட்டங்களில் மேசைக்கடியில் செருப்பைப் பெடலாக வைத்து மிதித்துக்கொண்டிருப்பேன். முதல்வர் ஒருமுறை பேச்சை நிறுத்தி, “போகணும்னா போய்ட்டு வாங்க சார்” என்றார். எழுந்து போய்விட்டு வந்தேன். வேறு வழியில்லை.

இரும்புப் பெடல் வந்து இறங்கியது. கொண்டுவந்தவர் வாசலைத் தாண்ட மறுத்துவிட்டார். அப்பாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம்.

“உள்ள என்னப்பா, அம்மியா?”

“பெடலுப்பா.”

“மிதிக்கிறதுக்கா, கெணத்துல போடுறதுக்கா?”

போல்ட் போட டிரில் வேண்டும் என்றேன். அப்பா அப்போதுதான் வீடு முழுக்கப் புதிதாக டைல்ஸ் போட்டிருந்தார். முகம் தெரியும் அளவுக்கு வழுவழுப்பு. “டைல்ஸுல ஓட்டை விழுந்துச்சுன்னா ஓட்டை இங்க இருக்கும், நீ இருக்க மாட்ட” என்றார். ஆகவே பெடலைச் சுவரோடு ஒட்டி வைத்தேன். அசையவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று முடிவு செய்தேன். என் நாற்காலி ஐந்து சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி. நீளமான ஓடுதளங்களில் மெதுவாக இறக்கிப் பழகியதால் பிரேக்கை நான் முழுசாக மிதித்ததே கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து ஊரான சிலமலையிலிருந்து சம்பந்தம் வந்தது. பெண்ணின் பெயர் மீனா. கால்நடை மருத்துவர். கோயிலில் வைத்து ஒருமுறை பார்த்துப் பேசினோம். எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. அந்தப் பக்கம் அவர் என்ன நினைத்தார் என்பது தெரியவில்லை. அதற்கு முன் இரண்டு இடம் கூடி வந்து தட்டிப் போயிருந்ததால் வீட்டில் எல்லோரும் மெதுவாகவே மூச்சு விட்டார்கள். இனி பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வர வேண்டும். அதில்தான் எல்லாம் இருக்கிறது.

அவர்கள் சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார்கள். மறுநாள் நாள் சரியில்லையாம். மீனாவின் அப்பாவும் தாய்மாமனும். பெண்ணின் அப்பா, வார்த்தையை எண்ணிப் பேசும் விவசாயி. மாமன் மூணாறுப் பக்கம் எஸ்டேட்டில் மேற்பார்வை. பேச்சில் மலையாளம் எட்டிப் பார்க்கும்.

எங்கள் ஹாலின் ஒரு பாதியில் தார்ப்பாய் விரித்து, மறுநாள் ஏலத்துக்குப் போக வேண்டிய ஏலக்காய் கிடந்தது. பெருங்காய், நடுக்காய், பொடி என்று தரம் பிரித்த மூன்று குவியல். சாக்கில் அள்ள நேரமில்லை. அம்மா குவியல்களைப் பார்த்து, “இருக்கட்டும், தொழில் நடக்குற வீடுன்னு நெனைப்பாக” என்றாள்.

கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு மீனாவின் அப்பா என் பக்கம் திரும்பினார்.

“மாப்ளே விமானம் ஓட்டுறதாச் சொன்னாக.”

(அம்மா சொன்னது ‘கம்ப்யூட்டர்ல விமானம் ஓட்டுறான்’. போடிக்கும் சிலமலைக்கும் நடுவில் எங்கேயோ கம்ப்யூட்டர் இறங்கிவிட்டது.)

“வீட்டுல சும்மா ஓட்டுறதுங்க. காலேஜுல வேலை.”

“சம்பளம் காலேஜுல குடுக்குறாகளா, விமானத்துல குடுக்குறாகளா?”

“காலேஜுலதான்.”

“அப்பச் சரி” என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். மாமன் விடவில்லை. “அதை ஒருக்க ஓட்டிக் காட்டணும் கேட்டோ” என்றார். என் அப்பா எனக்குக் கண்ணால் சைகை காட்டினார். அந்த ஜாடைக்கு அறையைப் பூட்டு என்று அர்த்தம். எனக்கும் புரிந்தது. ஆனால் அந்தப் பெடலைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் ஊரில் ஒருவர் விரும்பியது அதுதான் முதல் தடவை.

அறைக் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். இருவரும் எனக்கு இரு பக்கமும் நின்றார்கள். மதுரையில் ஏறி மேற்கே வந்தேன். திரையில் மலை எழுந்தது. மாமன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

“இதுல நம்ம தோப்பு தெரியுமா மாப்ளே?”

சிலமலைக்கு மேல் வந்து தாழ்த்தினேன். மீனாவின் அப்பா திரையில் விரலை வைத்தார். “அந்தா, கம்மாக்கரை. அதுக்கு அங்கிட்டு நம்மது. இன்னுங் கொஞ்சம் தாழப் போங்க.” அவர் குரலில் வந்த உற்சாகத்தைக் கேட்டதும் கல்யாணம் முடிந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றியது.

“இங்கனயே எறக்குங்க” என்றார் மாமன்.

“இங்க ஏர்போர்ட் இல்லையே.”

“ரோடு நேராத்தான கெடக்கு.”

சுயமரியாதை உள்ள சிமுலேட்டர்காரன் மறுத்திருப்பான். நான் சக்கரத்தை இறக்கினேன். சிலமலை ரோட்டில் விமானம் தொட்டது. நன்றாகத்தான் தொட்டது. ஆனால் ரோடு சற்றுத் தள்ளி வளைந்தது. வளைவில் மரம்.

“பிரேக்கப் போடுங்க மாப்ளே.”

போட்டேன். இரண்டு காலாலும், உடம்பில் இருந்த அத்தனை பலத்தோடும் போட்டேன். பெடல் இரும்பு. அதற்குப் பின்னால் சுவர். இரண்டும் அசைய மறுத்தன. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்று வருஷா வருஷம் போர்டில் எழுதுகிறவன் நான். அந்த எதிர்விசை வந்தால் போவதற்கு அந்த அறையில் மிச்சமிருந்த ஒரே பொருளும் நான்தான்.

நாற்காலி பின்னால் கிளம்பியது. புது டைல்ஸ். நிலைப்படி கிடையாது. கதவைத் தாண்டும்போது எதையாவது பிடிக்கலாம் என்று கையை நீட்டினேன், திரைச்சீலை கிடைத்தது. அதுவும் கூடவே வந்தது. கேசரித் தட்டோடு வந்துகொண்டிருந்த அம்மா, மாட்டுவண்டிக்கு ஒதுங்குவது போலச் சுவரோடு ஒதுங்கி எனக்கு வழிவிட்டாள். தார்ப்பாயில் சக்கரம் சிக்கி, நாற்காலி சாய்ந்து, திரைச்சீலையைப் போர்த்திக்கொண்டு ஏலக்காயில் மல்லாந்தேன். பெருங்காயில் விழுந்து, நடுக்காயைக் கடந்து, பொடியில் நின்றேன்.

உள்ளேயிருந்து மாமனின் குரல் நிதானமாக வந்தது.

“மாப்ளே, நீங்க எறங்கிட்டீங்க. விமானம் இன்னும் போய்க்கிட்டிருக்கு.”

அதைத் தொடர்ந்து மீனாவின் அப்பா குரல்: “நம்ம தோப்புக்குள்ள போயிருச்சு.” ஒரு சத்தம் கேட்டது. “ரெண்டு தென்னை போச்சு” என்றார். அதில் உண்மையான வருத்தம் இருந்தது.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. ஏலக்காயைப் பார்த்தார். மூன்று தரமும் ஒரே தரமாகியிருந்தது. சல்லடை எல்லாம் குரங்கணியில். நாளைக்குக் காலையில் ஏலம். அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு, “அடி பட்டுச்சா தம்பி?” என்றாள். இல்லை என்றேன். “அப்ப அதுல இருந்து எந்திரி” என்றாள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். விருந்தாளிகள் செருப்பைப் போடுவார்கள், போனில் ‘கலந்துபேசிச் சொல்றோம்’ என்பார்கள், அந்த வாக்கியம் எனக்கு ஏற்கெனவே மனப்பாடம். அறையிலிருந்து வெளியே வந்த மீனாவின் அப்பா குவியலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வேட்டியை மடித்துக்கட்டித் தார்ப்பாயில் உட்கார்ந்தார்.

“நீங்க எதுக்குங்க, நாங்க பாத்துக்கிறோம்” என்று அப்பா பதறினார்.

“எனக்கு வீட்டுல என்ன சோலி. நாலு கை சேந்தா வெரசா முடியும். முறத்தக் கொண்டாங்க.”

மாமனும் உட்கார்ந்தார். அம்மாவும் உட்கார்ந்தாள். நான் உட்காரப் போனேன். “நீ கிட்ட வராத” என்று அப்பா சொன்னார். விருந்தாளிகள் ஆட்சேபிக்கவில்லை.

கையால் பிரித்துப் பிரித்துப் போட்டார்கள். பொழுது சாயும்வரை நடந்தது. நடுவில் பேச்சு காட்டுப்பன்றிக்குப் போனது, அங்கிருந்து முதுகுவலிக்கு வந்தது. இரண்டு அப்பாக்களுக்கும் ஒரே இடத்தில் வலி என்று தெரியவந்தது. நான் அறைக்குள் ஸ்டூலில் உட்கார்ந்து, தோப்புக்குள் புகைந்துகொண்டிருந்த விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அணைக்கக்கூடத் தோன்றவில்லை. அவர்கள் எழுந்தபோது கல்யாண மண்டபம் வரைக்கும் பேசி முடித்திருந்தார்கள். “வர்றோம் மாப்ளே, பாத்து உக்காருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் சாயங்காலம் மீனா போன் செய்தார்.

“அப்பா எல்லாம் சொன்னாரு.”

“எல்லாமேவா?”

“தென்னையில இருந்து ஆரம்பிச்சாரு.” என்றார். “நானும் அந்தப் பெடலத் தேடிப் பாத்தேன். போல்ட்டு போடணும்னு முதல் வரியிலயே எழுதியிருக்காங்க. நீங்க படிக்கலையா?”

“படிச்சேன்.”

“நீங்க பிசிக்ஸ்தான?”

“ஆமா.”

“எனக்கு உதைக்கிற மாடு பழக்கம்” என்றார் மீனா. “ஆனா அதுங்க உதைச்சா நாமதான் பறப்போம். உதைச்சிட்டுத் தானே பறந்துபோறத இப்பத்தான் கேள்விப்படுறேன்.” பிறகு சிரித்துவிட்டார். நெடுநேரம் சிரித்தார். நான் காத்திருந்தேன். அந்தச் சிரிப்பு நின்றபோது எனக்குச் சம்மதம் கிடைத்திருந்தது.

கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்குச் சிலமலை போனோம். கூடத்தில் எனக்கென்று ஒரு மர நாற்காலி போட்டிருந்தார்கள். சக்கரமெல்லாம் கிடையாது. ஆனாலும் பின்காலுக்கு ஒன்றாக இரண்டு செங்கல் அணைப்பு வைத்திருந்தது. யார் வைத்தது என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. நான் அந்த வீட்டில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் யாராவது போய்ச் செங்கலை எடுத்து வருவார்கள். யாரும் சிரிப்பதுகூட இல்லை. தண்ணீர் கொடுப்பது போலச் செய்கிறார்கள்.

போன வருஷம் ஒரு காதுகுத்துக்கு வந்திருந்த தூரத்து உறவுக்கார அம்மாள் இதைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளைக்கு என்ன என்று என் மாமியாரிடம் மெல்ல விசாரித்திருக்கிறார். கதை நீளம், அடுப்பில் சோறு. மாமியார் சுருக்கமாக, “அவருக்குக் காலுல விசை சாஸ்தி” என்று சொல்லியிருக்கிறார்.

அந்த அம்மாள் ஊருக்குப் போய் எனக்காக ஒரு பாட்டில் தைலம் கொடுத்தனுப்பினார். இரண்டு முழங்காலுக்கும் தேய்த்துச் சுடுதண்ணீரில் குளிக்க வேண்டுமாம். மீனா மேற்பார்வையில் தேய்த்து வருகிறேன். நல்ல தைலம்தான்.