கூலங்கட்டாவில் ஒரு வித்தியாசமான பூனை

மெர்வின் பக்லி துணி துவைக்கும் அறையில் மண்டியிட்டு, ஒரு முயலின் பின்புறத்தை மனைவியின் முகம் துடைக்கும் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அது என் துண்டு," என்றாள் ஷெரில்.

"துவைச்சுக்கலாம்."

"துவைக்கிறதா? கொளுத்தணும்."

நேற்றுவரை மிளகு மிளகாக உருண்டு விழுந்த புழுக்கை, இன்று காலையிலிருந்து கூழாகிவிட்டது. அறை முழுவதும் அதன் வாசனை.

முயலின் பெயர் புட்டிங். ஷெரிலின் அக்கா கெய்லீனுடையது. கெய்லீன் எட்டு நாள் பிஜிக்குக் கப்பலில் போயிருந்தாள். போகுமுன் கூண்டின் மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தாள்: 'காய்ந்த புல், தண்ணீர். வேறு எதுவும் கூடாது.' காலையும் மாலையும் அவள் வீட்டுக்குப் போய் இரண்டையும் வைத்துவிட்டு வந்தால் போதும். பத்து நிமிட நடை.

வெயிலில் பத்து நிமிடம் நடப்பது மெர்வினின் கௌரவத்துக்கு ஒத்துவரவில்லை. மீன் பிடிக்கப் போகும்போது தூக்கும் ஐஸ் பெட்டியில் முயலைப் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

அங்கேதான் குற்றம் நடந்தது. கெய்லீன் வீடு இருப்பது ட்வீட் ஹெட்ஸ்; அது நியூ சவுத் வேல்ஸ் மாநிலம். மெர்வின் வீடு இருப்பது கூலங்கட்டா, இது குயின்ஸ்லாந்து. மாநில எல்லை நடுரோட்டில் ஓடுகிறது. ரோட்டின் அந்த ஓரத்தில் முயல் செல்லப் பிராணி. இந்த ஓரத்தில் அது பயிரை அழிக்கும் பிராணி; வீட்டில் வைத்திருப்பதே குற்றம். அபராதத்தைக் கேட்டாலே வாய் உலர்ந்துவிடும். மேடையில் தொப்பிக்குள்ளிருந்து முயல் எடுக்கும் மந்திரவாதிக்கு அனுமதி கிடைக்கும். மெர்வின் தொப்பியைக் கழற்றினால் வழுக்கைதான் வரும்.

வேறு யாராவது என்றால் மெல்ல மறைத்துவிடலாம். மெர்வினோ தெருச் சங்கத்தின் தலைவர். பதினோரு வருடமாகப் போட்டியே இல்லை. குப்பைத் தொட்டி ஒரு நாள் கூடுதலாக வெளியே நின்றால் நகராட்சிக்குக் கடிதம் போடுவார். வேலி நாலு விரல் உயர்ந்தால் கடிதம். எதிர்வீட்டு கெவினின் கேரவன் நிழல் நடைபாதையில் விழுகிறது என்று ஒரு கடிதம். சட்டத்தை மதிப்பதால்தான் தன்னைத் தலைவராக வைத்திருக்கிறார்கள் என்று அவர் நம்பினார். தன்னைப் பற்றி அவர் நம்பாத நல்ல விஷயமே கிடையாது.

சங்கக் கூட்டம் இன்று மாலை ஆறு மணிக்கு, வழக்கம்போலத் தலைவர் வீட்டில்.

"நீதானே மாம்பழம் கொடுத்தே?" என்றாள் ஷெரில்.

"எட்டு நாளும் ஒரு ஜீவன் காய்ஞ்ச புல்லையே தின்னணுமா? உங்க அக்கா கஞ்சத்தனத்துக்கு ஒரு அளவு வேணாம்?"

"முழு மாம்பழம், மெர்வ். அதுக்கு மேல பாதி லெட்டூஸ்."

"ஆசையாத்தான் தின்னுச்சு."

"நீயுந்தான் கிறிஸ்துமஸுக்கு இறாலை ஆசையாத் தின்னே. மூணு நாள் யாரும் பாத்ரூம் பக்கம் போகல."

மெர்வின் காதில் வாங்கவில்லை. இளகியதை இறுக்க வேண்டும், அவ்வளவுதானே. உப்புக் கரிக்கும் வெஜிமைட் பசை தடவிய டோஸ்ட் இரண்டு துண்டு வைத்தார். தனக்கு வயிறு சரியில்லாதபோது அதுதான் அவர் மருந்து. முயல் மரியாதைக்கு ஒன்றரைத் துண்டு தின்றது.

பதினொரு மணிக்கு ஷெரில் இன்னொரு முகத் துண்டை இழந்தாள்.

"டாக்டர்கிட்ட காட்டு."

"இந்தப் பக்கத்து டாக்டர்கிட்டயா? அவனே நகராட்சிக்கு போன் போட்டுச் சொல்லிடுவான். கேட்கிற விதத்துல கேட்கணும். எனக்குத் தெரியும்."

பக்கத்து மிருக ஆஸ்பத்திரிக்கு போன் செய்தார். ஒரு நர்ஸ் எடுத்தாள்.

"எங்க பூனைக்கு வயித்துப்போக்கு."

"என்ன சார் சாப்பிட்டுச்சு?"

"மாம்பழம். கொஞ்சம் லெட்டூஸ். அப்புறம் டோஸ்ட்."

"பூனைதானே சார்?"

"கொஞ்சம் வித்தியாசமான பூனை."

"உங்க பேரு?"

மெர்வின் யோசிக்கவே இல்லை. "கெவின்," என்றார்.

கோழியை வெறும் தண்ணீரில் வேகவைத்துச் சோற்றோடு பிசைந்து கொடுக்கச் சொன்னாள் நர்ஸ். முயல் கோழி தின்னாது என்கிற அளவுக்கு மெர்வினுக்கு மூளை இருந்தது. கோழிக்குப் பதில் பூசணிக்காயை வேகவைத்துச் சோற்றோடு பிசைந்து கொடுத்தார்.

நாலு மணிக்குக் கூழும் நின்றுவிட்டது.

"பார்த்தியா?" என்றார் மெர்வின்.

"எதையும் தொட மாட்டேங்குது. வயிறு கல்லு மாதிரி இருக்கு. பல்லை நறநறன்னு கடிக்குது. இது செத்துதுன்னா, அக்கா முகத்துல நீதான் முழிக்கணும். நான் என் தம்பி வீட்டுக்குப் போயிடுவேன்."

இப்போதுதான் மெர்வினுக்கு வேர்த்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் முயலைக் காட்டலாம், அங்கே குற்றமில்லை. அங்குள்ள மிருக ஆஸ்பத்திரி ஐந்தரை வரை என்று ஷெரில் போனில் பார்த்துச் சொன்னாள். புட்டிங்கை ஐஸ் பெட்டியில் வைத்து, மூடியைக் கொஞ்சம் திறந்துவிட்டு, மேலே ஒரு துண்டைப் போட்டுக் கிளம்பினார். போய்ச் சேர்ந்தபோது அவர் கடிகாரத்தில் நாலு ஐம்பது.

கதவு பூட்டியிருந்தது.

உள்ளே சுவர்க் கடிகாரம் ஐந்து ஐம்பது காட்டியது. கோடையில் அந்தப் பக்கத்துக்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள்; இந்தப் பக்கம் தொடமாட்டார்கள். ரோட்டைக் கடந்தால் ஒரு மணி நேரம் காணாமல் போய்விடும். அதில் ஏமாறும் சுற்றுலாக்காரர்களைப் பார்த்து மெர்வின் முப்பது வருடமாகச் சிரித்துவந்தார். இப்போது சிரிக்க ஆளில்லை.

திரும்பி வந்தால், வாசலில் பெவ் நிற்கிறாள். சங்கச் செயலாளர், பக்கத்து வீட்டுக்காரி. கையில் கேக் தட்டு.

"சீக்கிரம் வந்துட்டேன் மெர்வ். மீனா?"

"மீன்தான்."

பெட்டிக்குள் தடாலென்று ஒரு உதை.

"உயிரோட இருக்கும்போல," என்றாள் பெவ்.

"பெரிய மீன்," என்று சொல்லிவிட்டு மெர்வின் உள்ளே ஓடினார்.

ஆறு மணிக்குச் சங்கத்தின் மற்ற ஐந்து பேரும் வந்து உட்கார்ந்தார்கள். கெவின் வழக்கம்போல மூலையில், வாயைத் திறக்காமல். மெர்வின் எழுந்து நின்று, சட்டத்தை மீறுகிறவர்களால் தெருவின் பெயர் கெடுவதைப் பற்றி ஆரம்பித்தார். துணி துவைக்கும் அறையில் தடதடவென்று சத்தம்.

"வாஷிங் மெஷின்," என்றார்.

"மெஷின் ஓடலையே. தண்ணிச் சத்தமே கேட்கலை, பாருங்க," என்றாள் பெவ்.

சத்தம் நின்றது. அது இன்னும் மோசமாக இருந்தது. ஷெரில் வெளியே வந்தாள்.

"மெர்வ், சாஞ்சு படுத்துடுச்சு."

மெர்வின் ஐந்து முகங்களையும் பார்த்தார். பதினோரு வருடத் தலைமை ஒரு பக்கம்; டோஸ்டும் பூசணியும் அடைத்த ஒரு சிறு வயிறு மறுபக்கம். அன்றைக்கு அவர் செய்த ஒரே உருப்படியான காரியம் அடுத்து வந்தது.

"உள்ளே ஒரு முயல் இருக்கு," என்றார். "நான்தான் கொண்டுவந்தேன். நான்தான் கண்டதையும் போட்டேன். யாருக்காவது ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க. செத்துடும்போல இருக்கு."

யாரும் முகம் சுளிக்கவில்லை. பெவ் ஏற்கெனவே உள்ளே போயிருந்தாள். முயலை மடியில் போட்டு, வயிற்றை மெல்ல அமுக்கிப் பார்த்தாள்.

"என்ன கொடுத்தீங்க?"

மெர்வின் பட்டியலைச் சொன்னார். வெஜிமைட் வந்தபோது பெவ் கண்ணை மூடிக்கொண்டாள்.

"காய்ஞ்ச புல்லுலயே பழகின வயிறு. புதுசா ஒண்ணு கொடுக்கணும்னா விரல் நுனி அளவு, அதையும் ஒரு வாரம் பார்த்துட்டு. நீங்க ஒரே நாள்ல விருந்து வச்சிருக்கீங்க. உள்ளே காத்து அடைச்சுப் போச்சு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"சின்ன வயசுல எல்லைக்கு அந்தப் பக்கம் வளர்ந்தவ நான்."

கெவின் எழுந்து போய், இரண்டு நிமிடத்தில் ஒரு கை காய்ந்த புல்லோடு வந்தார். "தோட்டத்துக்கு வாங்கினது," என்றார். யாரோ ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீர் புகட்டினார்கள். பெவ் முக்கால் மணி நேரம் வயிற்றைத் தடவிக்கொடுத்தாள். புட்டிங் மெல்ல எழுந்தது. ஒரு புல்லை இழுத்து மென்றது. கொஞ்ச நேரத்தில் தரையில் மிளகு போல மூன்று உருண்டை.

ஷெரில் அழுதுவிட்டாள். மெர்வின் அந்த மூன்று உருண்டையையும், நகராட்சியிலிருந்து வந்த பதில் கடிதத்தைப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து தொண்டையைச் செருமினார். அவமானத்திலும் அவருக்கு ஒரு சொற்பொழிவு தேவைப்பட்டது.

"குற்றவாளி தலைவரா இருக்கக் கூடாது. நான் ராஜினாமா பண்றேன். நாளைக்கு நானே என்னைப் பத்தி எழுதிப் போடுறேன்."

"ஐயையோ, அதெல்லாம் வேணாம்," என்றாள் பெவ். மற்றவர்களும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மெர்வினுக்குக் கண் கலங்கியது. இவ்வளவு மரியாதையா தன்மேல்?

"அடுத்த தலைவர் கெவின்தான். அடுத்த கூட்டம் அவர் வீட்ல," என்றார் உறுதியாக.

கெவின் முகம் வெளுத்தது.

"தலைவரா நீங்களே இருங்க மெர்வ், கூட்டம் இங்கேயே நடக்கட்டும்," என்றார் கெவின். "எங்க வீட்ல மட்டும் பன்னிரண்டு முயல் இருக்கு, பெவ் வீட்ல ஏழு. எல்லாத்தையும் நாங்க எங்கே கொண்டுபோய் ஒளிக்கிறது?"