ரசத்துக்கு ஒரு லேப் ரிப்போர்ட்

ஊறுகாய் ஜாடிக்கும் சின்னுசாமியின் கைக்கும் நடுவே பாப்பாயி கரண்டியை நீட்டினாள்.

"நீட்டுன கையை அப்படியே எடுத்துக்கங்க."

எடுத்துக்கொண்டார். நாமக்கல்லுக்குப் பக்கத்தில் இருபதாயிரம் முட்டைக் கோழிகளைக் கட்டி மேய்க்கிற மனிதர். வீட்டுக்குள் கரண்டிக்குக் கட்டுப்பட்டவர்.

முந்தின நாள்தான் அவருக்கு ரத்தக் கொதிப்பு நூற்று ஐம்பத்தாறு என்று தெரிந்திருந்தது. டாக்டர் ஒன்றும் கடுமையாகச் சொல்லவில்லை. உப்பைக் குறையுங்கள், காய், கீரை, பழம் சேருங்கள், எல்லாம் அளவாக இருக்கட்டும், ஒரு மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார். கடுமையாகச் சொன்னது மகள் பிரவீனாதான். மாதக் கடைசியில் குறையவில்லை என்றால் பண்ணையைக் கைமாற்றிவிட்டு, சேலத்தில் அவள் வீட்டு நான்காவது மாடிக்கு இருவரும் வந்துவிட வேண்டியது. பால்கனி இருக்கிறதாம், காற்று வருமாம். ஒரு கோழிச் சத்தம்கூடக் கேட்காத பால்கனியை நினைத்தாலே சின்னுசாமிக்குத் தூக்கம் போனது.

டாக்டர் குறைக்கச் சொன்னதைப் பாப்பாயி ஒழித்தே விட்டாள். அரிசிம்பருப்புச் சோற்றில் உப்பில்லை, பச்சைப்பயறு கடைசலில் இல்லை, மோரிலும் இல்லை. கருவாடும் அப்பளக் கட்டும் அடுத்த வீட்டுக்குப் போயின. சின்னுசாமி தகராறு செய்யவில்லை. மருந்தை விழுங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு, பண்ணைக்காகத் தின்றார்.

நாலாம் நாள் கொட்டகைக்குக் கொட்டகை நடக்கையில் கால் பின்னிற்று. இருபது வருஷமாக அங்கே முட்டை பொறுக்கும் அங்கம்மாள் பார்த்துப் பதறிப்போய், ஒரு சொம்பு எலுமிச்சந்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். செத்துக் கிடந்த நாக்குக்கு அது அமிர்தமாக இருந்தது. எழுந்து நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, மகள் வாங்கி வைத்திருந்த பிரஷர் மெஷினைப் பாப்பாயி அவர் கையில் சுற்றினாள். நூற்று அறுபத்திரண்டு.

"பண்ணையில என்னத்தைத் தின்னீங்க?"

"உன்ற சோத்தைத்தான்."

அவள் நம்பவில்லை. மறுவாரம் சோறு ஒரு கரண்டியானது. மிச்சத் தட்டை வேகவைத்த சுரைக்காய் பிடித்துக்கொண்டது. சின்னுசாமி இன்னும் துவண்டார். அங்கம்மாளின் ஒரு சொம்பு இரண்டு சொம்பானது. ஞாயிற்றுக்கிழமை மெஷின் நூற்று எழுபது என்றது.

இப்போது சந்தேகப்படுவது அவருடைய முறை. முட்டை குறைந்தால் பண்ணைக்காரர் கோழியைக் குற்றம் சொல்ல மாட்டார், தீவனத்தைத்தான் பார்ப்பார். பாப்பாயி பாவம் பார்த்து, அவருக்குத் தெரியாமல் உப்பைப் போட்டுத் தொலைக்கிறாளோ? மதியச் சாப்பாட்டைப் பாலித்தீன் பைகளில் கட்டினார். சாம்பாருக்கு சாம்பிள் ஒன்று, பொரியலுக்கு இரண்டு, ரசத்துக்கு மூன்று என்று வழக்கம்போல நம்பர் மட்டும் போட்டுச் சீட்டு ஒட்டினார். எப்போதும் தீவனத்தைச் சோதிக்கிற லேபுக்கே கொண்டுபோனார். அங்கிருந்த யோகேஷ் மூன்றாவது பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, இது எந்தக் கொட்டகைத் தீவனம் என்று கேட்டான். பெரிய கொட்டகை என்றார் சின்னுசாமி.

மூன்றாம் நாள் ரிப்போர்ட் அவருடைய போனுக்கு வந்தது. போன் பாப்பாயி கையில் இருந்தது.

'மூன்று சாம்பிளிலும் உப்பு இல்லை என்றே சொல்லலாம். இத்தீவனத்தைத் தொடர்ந்து கொடுத்தால் கோழிகள் சோர்ந்து, ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும்.'

கொத்தல் அன்றைக்கே தொடங்கியது. என்ன சாம்பிள் என்று கேட்டுக் கேட்டுப் பாப்பாயி உண்மையைக் கறந்துவிட்டாள்.

"முப்பத்தஞ்சு வருசமா ஆக்கிப் போட்ட கையிங்க இது. என்ற ரசத்தைக் கோழித் தீவனம்னு சீட்டு ஒட்டி ஊரெல்லாம் காட்டிப்போட்டு வந்திருக்கறீங்க."

சாப்பாட்டில் உப்பில்லை என்பது நிரூபணமாகிவிட்டது. அப்படியானால் குற்றம் பண்ணையில்தான் நடக்கிறது என்று பாப்பாயி நேரே பண்ணைக்குப் போய் அங்கம்மாளைப் பிடித்தாள். பரோட்டா வருகிறதா, மிச்சர் வருகிறதா, உண்மையைச் சொல் என்றாள். அங்கம்மாள் குலசாமி மேல் சத்தியம் செய்தாள். முதலாளி ஒரு பருக்கைகூட வெளியில் தின்பதில்லை. நாளுக்கு நாள் வாடுவதைப் பார்க்கத் தனக்குத்தான் சோறு இறங்கவில்லை என்று அழுதாள். பாப்பாயிக்கும் கண் கலங்கிவிட்டது. இங்கே அவரைப் பார்த்துக்கொள்ள உன்னை விட்டால் யார் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அங்கம்மாள் பார்த்துக்கொண்டாள். இரண்டு சொம்பு மூன்றானது.

மாதக் கடைசியில் பிரவீனா காரில் வந்து இறங்கினாள். பண்ணையை வாங்குகிறவரின் ஒப்பந்தத் தாள் அவள் பையில் இருந்தது. பண்ணை அறையிலேயே மெஷினைச் சுற்றினார்கள். நூற்று எண்பத்து நாலு. மெஷின் கெட்டுவிட்டதோ என்று பிரவீனா தன் கையில் சுற்றிப் பார்த்தாள், அம்மா கையில் சுற்றிப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் தங்கமாகக் காட்டியது.

"ஒரு கல்லு உப்புக்கூட நான் தொடலை சாமி," என்றார் சின்னுசாமி. திருடாமல் மாட்டிக்கொண்டவர் குரல் அது.

"தெரியுமுங்கப்பா. சாப்பாட்டுலயே கொறையலைன்னா இந்த வேலைதான் உங்களுக்கு ஆகலை. கையெழுத்துப் போடுங்க."

வெளியே கோழிகள் கொக்கரித்தன. சின்னுசாமி அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அப்போது அங்கம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். கையில் இருந்த பையைப் பிரவீனாவின் மடியில் வைத்தாள்.

"சேலத்துல இது கிடைக்குமோ என்னமோ, அஞ்சு பாக்கெட்டு கொண்டு போயிருங்க அம்மிணி. வெயிலுக்குத் துவண்டு விழுகிற கோழிக்குத் தண்ணியில கலக்கி வெப்பமே, அந்த உப்புப் பவுடருதான். ஒரு மாசமா எலுமிச்சந்தண்ணியில இதைக் கலக்கிக் கலக்கித்தான் உங்கப்பாவை நான் எந்திரிச்சு நடக்க வெச்சிருக்கறேன்."