திரைக்குத் தாங்காத சிரிப்பு

2024 டிசம்பர் 15, ஞாயிறு, காலை பத்து மணி பத்து நிமிடம். சூளகிரியில் விடாத தூறல். லாரிகள் பகலிலேயே விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. அந்த நேரத்தில்தான், என் மனைவியின் முதல் வருஷ நினைவுநாளில், அறுபத்துமூன்று உறவினர்கள் பார்க்க, அவளை நானே அழித்தேன்.

நாற்பத்தொரு வருட மணவாழ்க்கையில் அவள் சிரித்தபடி இருக்கும் படம் ஒன்றே ஒன்று. (என் பக்கத்தில் நின்றுகொண்டு சிரிக்க என்ன இருக்கிறது?) தளியில் அவள் தங்கை சரோஜாவின் தோட்டத்தில் மகள் கவிதா எடுத்தது. மரநிழலில் அவள், பின்னால் உச்சிவெயிலில் பூப்பாத்தி. வெயிலும் கெடாமல் நிழலும் கெடாமல் கவிதாவின் புதுப் போன் இரண்டையும் பிடித்திருந்தது. சரோஜா அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. அதைப் பெரிய திரையில் பார்க்கத்தான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

“அப்பா, போன்ல இருக்கிற வெளிச்சம் அத்தனையும் இந்த மண்டபத்துத் திரையால காட்ட முடியாது. கொஞ்சம் அமுக்கிக் குடுத்தாத்தான் அம்மா முகம் தெரியும்,” என்றாள் கவிதா.

“யாரை அமுக்கறது? உங்கம்மாவையா?”

“ஐயோ, வெளிச்சத்தைப்பா!”

ஓசூர் தொழிற்சாலையில் இருபத்தொன்பது வருடம் தரப் பரிசோதகனாக இருந்தவன் நான். கைவைத்துத் திருத்திய ஒரு பாகத்தைக்கூட பாஸ் செய்ததில்லை.

“ரீவொர்க் பேச்சே கூடாது. ஒரிஜினலைப் போடு.”

போட்டாள். சாம்பல் பூசியதுபோல் ஓர் உருவம் வந்தது. திரைக்காரரிடம், “வெளிச்சத்தை ஏத்துப்பா” என்றேன். ஏற்றினார். “இன்னும்!” பூப்பாத்தி போயிற்று. “இன்னும்!” மரம் போயிற்று, அவளும் போனாள். எதையும் கவனிக்காத என் அண்ணன், அந்த வெள்ளைத் திரைக்குக் கற்பூரம் காட்டிவிட்டார்.

சரோஜா எழுந்தாள். “என்ன மாமா, அக்காவை ரெண்டாந்தரமும் அனுப்பி வெச்சுட்டீங்களே!”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சரோஜா சாப்பிடாமலே தளி பஸ் ஏறிவிட்டாள்.

இன்றும் எங்கள் வீட்டில் யார் படம் எடுத்தாலும், “பெரியவர்கிட்ட குடுக்காதீங்க, வெளுத்துருவாரு” என்பார்கள். போன் பிடித்த வெளிச்சம் அத்தனையையும் உள்ளபடியே காட்டும் டிவி ஒன்றை வாங்கி மாட்டி, சரோஜாவுக்கு ஏழு முறை போன் செய்தேன். ஏழாவது முறை வந்தாள். டிவிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள்.

“அக்கா பல்லுல கீரை ஒட்டியிருக்குது, மாமா,” என்று சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

டிவி எண்பத்தாறாயிரத்து நானூறு, சுவரில் மாட்டிய கூலி எழுநூற்றைம்பது. ஆக, எண்பத்தேழாயிரத்து நூற்றைம்பது ரூபாய்.