மீட்டர் முதலாளியும் டேஷ்போர்ட் பெரட்டும்

மலைநாட்டில் கார் ஓட்டுகிற அத்தனை பேரும் ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறார்கள். டேஷ்போர்டைப் பார்த்து ஓட்டியவர், எனக்குத் தெரிந்து, ஹட்டன் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் மீட்டர் முதலாளி ஒருவர்தான். பக்கத்து சீட்டில் டோர்ச் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நானும் டேஷ்போர்டைத்தான் பார்த்தேன். அப்படியானால் ரோட்டை யார் பார்த்தது என்று கேட்பீர்கள். அதைக் கதிர்காமத்து முருகனிடம்தான் கேட்க வேண்டும். அவரும் சில வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்.

முதலாளிக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டைக்கு மட்டும் பயன்படுகிறது. முள்ளோ கோடோ வைத்த எதையும் அவர் நம்புவார். அவை இல்லாத எதையும், கட்டிய மனைவி உட்பட, சந்தேகிப்பார். ஒரு முறை பல் கிடுகிடுக்கக் கடையில் உட்கார்ந்திருந்தார். கம்பளியைச் சுற்றியும் நடுக்கம் நிற்கவில்லை.

“காய்ச்சலுங்க, வீட்டுக்குப் போங்க” என்றேன்.

“தர்மாமீட்டர் இல்லேங்குதுங்க, கிளாக்கரையா. இது சும்மா நடுக்கம்.”

கடைச் சுவரில், மழை வருமா வராதா என்று சொல்கிற பழைய பித்தளைக் கருவி ஒன்று தொங்கியது. ஒரு நாள் அதன் முள் நல்ல வெயில் என்று நின்றது. வெளியே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. முதலாளி முள்ளைப் பார்த்தார், குடையை வைத்துவிட்டு இறங்கினார், தெப்பலாக நனைந்து திரும்பினார். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: “இந்த மழை தப்பான மழைங்க.”

அவருடைய கார், தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குக் கப்பலேறும்போது முதலாளியின் அப்பாவுக்கு விற்றுவிட்டுப் போன பச்சைக் கார். ஸ்டியரிங்குக்கு முன்னால் வட்ட வட்டமாக மீட்டர்கள்: ஒயில், சூடு, கரண்ட், பெட்ரோல், கடைசியில் ஒரு மணிக்கூடு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குட்டி பல்ப். அவற்றின் வெளிச்சம் சளி பிடித்த மின்மினியின் வெளிச்சம். நம் பக்கத்திலோ மத்தியானத்துக்குப் பிறகு எந்த நேரமும் மிஸ்ட், அதாவது பனிமூட்டம், இறங்கிவிடும். மிஸ்ட் இறங்கினால் காருக்குள் இருட்டு, மீட்டர் தெரியாது. மீட்டர் தெரியாவிட்டால் முதலாளிக்குக் கார் ஓடுகிறதா நிற்கிறதா என்பதே தெரியாது.

அதனால்தான் டோர்ச். அவர் காரில் ஓசிப் பயணம் போகிறவர் டோர்ச் பிடிக்க வேண்டும் என்பது சட்டம். நான் தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். எதற்கும் ஒரு முறை இருந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டு முறையை நான்தான் அந்த டேஷ்போர்டுக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு வளைவு முடிந்ததும் முதலாளி கூப்பிடுவார். நான் டோர்ச்சைத் திருப்பி அந்தந்த மீட்டருக்காகப் பதில் சொல்வேன்.

“ஒயில்?”

“இருக்குங்க.”

“சூடு?”

“அளவா இருக்குங்க.”

“கரண்ட்?”

“ஏறுதுங்க.”

இப்படிப் பெரட்டு நடத்திக்கொண்டே நாங்கள் சிவனொளிபாத மலையடிவாரத்து நல்லதண்ணி வரைக்கும்கூடப் போய் வந்திருக்கிறோம்.

பெரட்டு ஒரே ஒரு நாள் பிசகியது. கொட்டகலைக்குப் பக்கத்தில் நல்ல மிஸ்ட். பின் சீட்டில் முதலாளியம்மா. “கரண்ட்?” என்றார் முதலாளி. முள் ஒரு நொடி துடித்தது. எனக்குச் சந்தேகம், குனிந்து பார்த்தேன். அவருக்கும் சந்தேகம், அவரும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது கார் தேயிலைக்குள் நின்றது. எதிரே கொழுந்துக் கூடையோடு ஓர் அம்மாள், கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார்.

“என்னாங்க மொதலாளி, கொழுந்து எடுக்க வந்தீங்களா? பேர் குடுத்தீங்களா?”

பின்னால் நிரையில் நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி கௌரவம் குறையாமல் கண்ணாடியை இறக்கி, “ஒயில் எல்லாம் சரியா இருக்கும்மா” என்றார்.

முதலாளியம்மா சிரிக்கவில்லை. மறுநாள் என்னையும் கூப்பிட்டனுப்பித் தீர்ப்புச் சொன்னார். கண்டியில் ஒரு பல் டாக்டர் அந்தக் காருக்காக வெகுகாலமாகத் தூது விட்டுக்கொண்டிருந்தார்.

“என்னங்க, நல்லா கேட்டுக்கிங்க. பொங்கலன்னிக்கு நுவரெலியாவுக்கு என் தங்கச்சி வீட்டுக்குப் போறோம். டோர்ச் கெடையாது. பெரட்டு கெடையாது. ஒழுங்கா கொண்டுபோய்ச் சேத்தீங்கன்னா கார் ஒங்களுக்கு. இல்லாட்டி அடுத்த நாளே பல் டாக்டருக்கு.”

“அப்ப கிளாக்கரையா?”

“வரட்டும், சாட்சிக்கு. பின் சீட்டுல. ஆனா அவரு வாயத் தொறந்தாருன்னா அந்த எடத்துலயே கார் பல் டாக்டருக்கு.”

முதலாளியின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. அப்பா இறந்தபோதுகூட அவர், “பல்ஸ் நின்னுருச்சுங்க” என்று திடமாகச் சொன்னவர். இப்போது காரின் போனட்டில் கையை வைத்துக்கொண்டு, “பல் டாக்டருக்கு மீட்டர் பாக்கத் தெரியுமாங்க?” என்று கேட்டார்.

வழி காட்டியவர் கராஜ் வைத்திருக்கும் சிங்கள மெக்கானிக் நிமல் பாஸ். “மொதலாளி மாத்தயா, எல்.ஈ.டி. பல்ப் போடுங்க. உள்ளுக்குப் பட்டப் பகல் மாதிரி.” பல்ப் கொழும்பிலிருந்து பஸ்ஸில் பார்சலாக வந்தது. மீட்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பழைய பல்பைப் பிடுங்கிப் புதியதைச் செருகினார்கள். முதலாளி சூடம் காட்டினார். நிமல் பாஸ் சுவிட்சைப் போட்டார்.

ஒன்றும் எரியவில்லை. மின்மினிகூட இல்லை.

பல்ப் பழுது என்று திருப்பி அனுப்பினார்கள். வேறு வந்தது. அதுவும் எரியவில்லை. முதலாளி பல்பைக் கையில் வைத்துக் குலுக்கிப் பார்த்தார், காதில் வைத்துக் கேட்டார், கோவிலுக்குக் கொண்டுபோய்த் திருநீறு பூசினார். நிமல் பாஸ் பழுதில்லாத வயர்களையெல்லாம் மாற்றினார். நான் என் வழக்கப்படி காரோடு வந்த கைநூலை முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். விஷயம் இதுதான்: இந்தக் காலத்துக் கார்களில் பேட்டரியின் மைனஸ்தான் காரின் உடம்போடு சேர்ந்திருக்கும். அந்தக் காலத்துச் சீமைக் கார்கள் பலவற்றில் பிளஸ் சேர்ந்திருக்கும். சாதா பல்புக்குக் கரண்ட் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒன்றுதான். எல்.ஈ.டி. அப்படியில்லை. முன்வாசல் வழியாக வந்தால்தான் வரவேற்கும்.

“அப்ப கார் முழுக்கக் கரண்டத் திருப்பிப் போட்டிருவோம்” என்றார் நிமல் பாஸ். அதற்கும் முறை இருக்கிறது. பேட்டரி வயர்களைப் பக்கம் மாற்றிக் கொடுக்க வேண்டும். டைனமோவுக்குப் புதுத் திசையைப் பழக்க வேண்டும். கொயில் வயரை இடம் மாற்ற வேண்டும். கடைசியில் கரண்ட் மீட்டரின் இரண்டு வயரையும் பக்கம் மாற்ற வேண்டும். முதல் மூன்றும் முடிந்தன. நிமல் பாஸ் கரண்ட் மீட்டரில் கை வைத்ததும் முதலாளி கத்தினார்.

“தொடாதீங்க பாஸ்!”

“மாத்தாட்டி முள்ளு தலகீழாக் காட்டுமே, மாத்தயா.”

“மீட்டருக்கு நாம சொல்லிக் குடுக்கக் கூடாதுங்க. அதுதான் நமக்குச் சொல்லணும். என் கரண்ட் மீட்டரு எங்கப்பா காலத்துலருந்து ஒரு பொய் சொன்னதில்ல.”

“மொதலாளி, அது இனிமே ஏறும்போது எறங்குதுன்னு சொல்லும்” என்றேன்.

“சொல்லாதுங்க” என்றார். நிமல் பாஸ் கையை எடுத்துக்கொண்டார்.

சுவிட்சைப் போட்டதும் டேஷ்போர்ட் கொளுத்திவிட்ட மாதிரி எரிந்தது. மீட்டர்களின் பச்சைக் கண்ணாடி வழியாக வந்த அந்த ஒளியில் முதலாளியின் முகம் காமன் கூத்தில் வேஷம் கட்டியவர் முகம்போல் பச்சையாகத் தெரிந்தது. அவர் ஆனந்தத்தில் பஜாரை ஒரு சுற்றுச் சுற்றினார். சிவனொளிபாத மலைக்குப் போகிற சீசன் பஸ்களில் கலர் லைட் போட்டிருப்பார்கள் இல்லையா? மிஸ்டில் இதையும் அப்படியொன்று என்று நினைத்து ஒரு குடும்பமே கைகாட்டி மறித்து, “நல்லதண்ணிக்கா?” என்று கேட்டது.

பொங்கலன்று புறப்பட்டோம். முன் சீட்டில் பட்டுச் சேலையோடு முதலாளியம்மா, மடியில் பொங்கல் பானை. பின் சீட்டில் கரும்புக் கட்டோடு நான், வாயை இறுக்கி மூடிக்கொண்டு. தலவாக்கலை வரை வெயில். வெயிலில் ஹெட்லைட் இல்லை. அதனால் கரண்ட் முள்ளின் ஆட்டமும் சிறிதுதான். முதலாளி சந்தோஷமாக டேஷ்போர்டையே பார்த்து ஓட்டினார். முதலாளியம்மா சந்தோஷமில்லாமல் ரோட்டைப் பார்த்தார்.

நானுஓயா ஏற்றத்தில் மிஸ்ட் சுவர் மாதிரி வந்து நின்றது. ஹெட்லைட்டைப் போட்டு, ஏற்றத்துக்காக எக்ஸிலேட்டரை மிதித்தார். டைனமோ வேகமெடுத்தது. கரண்ட் முள் மைனஸ் பக்கம் கடகடவென்று சரிந்தது.

“ஐயோ, கரண்ட் போகுது!”

முதலில் வைப்பரை நிறுத்தினார். அப்போதும் முள் மைனஸில்தான். ஹெட்லைட்டை அணைத்தார். முன்னால் இப்போது வெறும் பால். எங்கோ ஒரு லொறி ஹோர்ன் அடித்தது. முதலாளியம்மா பானையை இறுகக் கட்டிக்கொண்டார்.

“என்னங்க செய்றீங்க?”

“பேட்டரி தீரப்போவுது, மகேஸ். மிச்சம் பிடிக்கிறேன்.”

பேட்டரி வயிறு நிறையக் குடித்துக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் கார் கண்டிக்கு. கண்ணாடியில் முதலாளியின் கண் என்னைத் தேடியது. நான் இரண்டு கையையும் எதிரெதிர்ப் பக்கமாகச் சுழற்றிக் காட்டினேன்.

“கையும் ஆட்டக் கூடாது, கிளாக்கரையா” என்றார் முதலாளியம்மா, திரும்பாமலே. கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். வாழ்க்கையில் ஒரு முறையைத் தெரிந்துகொண்டு இவ்வளவு கஷ்டப்பட்டதில்லை.

முதலாளி காரை ஓரங்கட்டினார். என்ஜின் மெல்ல முனகியது. ஹெட்லைட்டை மறுபடி போட்டார். மஞ்சளாக மங்கி எரிந்தது. எக்ஸிலேட்டரை மிதித்தார். வெளிச்சம் பளிச்சென்று கூடியது. முள் இறங்கியது. விட்டார். வெளிச்சம் குறைந்தது. முள் ஏறியது. மறுபடி மிதித்தார். மறுபடி விட்டார்.

“வெளிச்சம் கூடுது” என்றார் மெல்ல. “முள்ளு எறங்குது.”

முதலாளி மீட்டரைப் பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே மிஸ்டில் கரையும் வெளிச்சத்தைப் பார்த்தார். மறுபடி மீட்டரைப் பார்த்தார். பிறகு, வீட்டில் துக்கம் விழுந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னார்:

“மகேஸ், என் மீட்டர் பொய் சொல்லுது.”

பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து அந்த மீட்டரை மட்டும் மூடினார். வைப்பரைப் போட்டார். முதுகை நிமிர்த்தி, எனக்குத் தெரிந்து முதல் முறையாக, ரோட்டைப் பார்த்து ஓட்டினார். எவ்வளவு அழகாக ஓட்டினார் தெரியுமா! வளைவில் ஹோர்ன் அடித்தார், லொறிக்கு வழிவிட்டார், நாய்க்கு நின்றார். மிஸ்ட் கலைந்ததும் சின்னப்பிள்ளை மாதிரிக் கூவ ஆரம்பித்துவிட்டார்.

“மகேஸ், இங்க ஒரு அருவி இருக்கு!”

“நாம கல்யாணங்கட்டின நாள்லருந்து இருக்குங்க.”

“இந்த எடத்துல இவ்வளவு பெரிய வளைவா?”

“அதுலதான் போன வருஷம் எனக்கு உசுரு போச்சு.”

நுவரெலியாவில் பானையை இறக்கும்போது முதலாளியம்மா கைப்பையிலிருந்து போனை எடுத்து என் கண் முன்னாலேயே பல் டாக்டரைக் கூப்பிட்டார். “இல்லீங்க டாக்டர், கார் குடுக்கிறதா இல்ல. அவருக்கு இப்பதான் ஓட்ட வந்திருக்கு.” பிறகு என் பக்கம் திரும்பி, “இனி பேசலாம் கிளாக்கரையா” என்றார். சொல்ல நிறைய வைத்திருந்தேன். தண்ணீர் கேட்டுக் குடித்தேன்.

அடுத்த வாரம் நிமல் பாஸ் கரண்ட் மீட்டரின் வயரைப் பக்கம் மாற்றினார். முதலாளி வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பிறகு கொஞ்ச நாள் அந்தக் கார் என்னைக் கடந்து போவதை வாசலில் நின்று பார்த்தேன். உள்ளே மீட்டர்களெல்லாம் பச்சைப் பசேலென்று எரிந்தன. டோர்ச்சுக்கு அங்கே என்ன வேலை? பஸ்ஸில் போகப் பழகிக்கொண்டேன். பஸ் டிரைவரிடம் ஒயில் எப்படி என்று ஒரு தரம் கேட்டு, ஒரு மாதிரிப் பார்வை வாங்கிக்கொண்டேன்.

ஒரு பின்னேரம் கார் என் வீட்டு வாசலில் நின்றது.

“ஏறுங்க கிளாக்கரையா, டயகம வரைக்கும் போய்ட்டு வருவோம். இந்த எல்.ஈ.டி. சாமானே சரியில்லீங்க. மத்ததெல்லாம் எரியுது, மணிக்கூடு மட்டும் எரிய மாட்டேங்குது. பாத்துச் சொல்ல ஆள் வேணும்.”

பழைய டோர்ச்சை எடுத்து என் கையில் வைத்தார். அவருடைய சட்டைப் பையின் மெல்லிய துணிக்குள் குட்டி எல்.ஈ.டி. பல்ப் ஒன்று நன்றாகவே தெரிந்தது. இதற்கு என்ன முறை என்று எந்தக் கைநூலிலும் இல்லை. பார்க்காதவன்போல் ஏறி உட்கார்ந்தேன். மிஸ்ட் இறங்க ஆரம்பித்தது. முதலாளி ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கூப்பிட்டார்.

“மணிக்கூடு?”

டோர்ச்சைப் போட்டேன். மணி பார்க்க மறந்துவிட்டது.

“இருக்கேங்க” என்றேன்.