பெர்னார்ட் மச்சானின் வெள்ளைக் கார் ராலிக்குப் போன விவரம்

லிங்கராஜபுரம், பெங்களூரு

அன்பும் மரியாதையும் மிக்க பெர்னார்ட் மச்சான் அவர்களுக்கு,

மதலைமுத்து எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உங்கள் தங்கை பெர்னதெத்தும் மகன் டிரேவரும் சுகம். திருச்சியில் உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் கார்தான் சுகமில்லை. போனில் சொன்னால் பெர்னதெத் காதில் விழும் என்பதால் கடிதம். உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

ஊர் மாறிப் போகும்போது, தங்கை கோவிலுக்குப் போய்வரட்டும் என்று நீங்கள் விட்டுப்போன வெள்ளைக் காரை உங்கள் மருமகன், மண்பாதையில் வேகமாக ஓட்டுகிற ராலிப் பந்தயத்துக்கு என்று ராலி கார் ஆக்கிவிட்டான். சர்வீஸுக்கு விடுகிறேன் என்று அடுகோடியில் ஒரு ஷெட்டுக்கு எடுத்துப் போனான். திரும்பி வந்தபோது ஏசி இல்லை, மேட் இல்லை, பின்சீட் இல்லை, உள்ளே முழுக்க இரும்புக் குழாய். கார் உருண்டாலும் நசுங்காமல் இருக்கவாம். ஏன் உருள வேண்டும் என்று கேட்டதற்கு, ஹெல்மெட்டைத் துடைக்கப் போய்விட்டான். கழற்றிய பின்சீட் எங்கள் ஹாலில் கிடக்கிறது. வீடு மந்திரிக்க வந்த ஃபாதர் அதில் சாய்ந்து உட்கார்ந்து, "நல்லா இருக்கே, எங்க வாங்குனீங்க?" என்று விசாரித்தார். பெர்னதெத் பூசைக்குப் போக முன்சீட்டில் ஏறினால் நாலு பட்டை போட்டுக் கட்டிவிடுகிறான். ஒரு ஞாயிறு அதை அவிழ்க்கத் தெரியாமல் பூசையில் நற்செய்தி வாசகம் முடியும்வரை காருக்குள்ளேயே இருந்தாள். எடையைக் குறைக்கிறேன் என்று டேஷ்போர்டில் இருந்த மாதா சுரூபத்தையும் எடுக்கப் பார்த்தான். "மாதா மேல கை வெச்சா அப்புறம் இந்த வீட்ல சோறு கெடையாது" என்று அவள் சொன்ன பிறகுதான் விட்டான்.

முதல் ராலி தும்கூர்ப் பக்கம். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் சைலன்ஸர் கழன்று விழுந்தது. இரண்டாவது கோலார் பக்கம். கார் நேராக ஒரு தக்காளித் தோட்டத்துக்குள் போய் நின்றது. தோட்டக்காரர் கன்னடத்தில் சொன்னதை உங்களுக்குத் தமிழில் எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து வழி படித்த சுஹாஸ் என்ற நண்பன் அத்தோடு கும்பிடு போட்டுவிட்டான். வழி படிப்பது என்றால், முன்கூட்டியே பாதையை மெதுவாக ஓட்டிப் பார்த்து ஒவ்வொரு வளைவும் எந்தப் பக்கம், எவ்வளவு கூர்மை என்று நம்பர் போட்டு எழுதிக்கொண்டு, போட்டியில் வளைவு வருமுன் உரக்கப் படித்துச் சொல்ல வேண்டும். நேரத்துக்குச் சொல்லாவிட்டால் தக்காளித் தோட்டம்தான். "டாடி, நீங்கதான் கோயில்ல கணீர்னு படிப்பீங்களே, ஒரே ஒரு தடவ வந்து உக்காருங்க" என்றான். எவனோ தப்பாகப் படித்து என் ஒரே மகன் எங்காவது போய் மோதுவதைவிட நானே உட்காரலாம் என்றுதான் ஒத்துக்கொண்டேன். பயம்தான் மச்சான், ஆசை இல்லை.

மூன்றாவது ராலி சிக்மகளூர்க் காப்பித் தோட்டத்தில். "லெஃப்ட் மூணு, உள்ள கல்லு" என்று படித்தேன். பிறகு நின்றுவிட்டேன். இத்தனை வருஷமாகக் கோவிலில் மன்றாட்டுமாலை சொல்கிற வாய் இது. ஒரு வரி சொன்னால், சனங்கள் பதில் சொல்லும்வரை அடுத்த வரி எனக்கு வராது. "அடுத்தது சொல்லுங்க டாடி" என்று கத்தினான். "நீ பதில் சொல்லாம எப்பிட்றா அடுத்ததுக்குப் போறது?" என்றேன். அதற்குள் ஒரு வளைவு போய்விட்டது, கூடவே காரின் இடதுபக்கக் கண்ணாடியும் போய்விட்டது. கடைசியில் அவனே உயிருக்குப் பயந்து, கோவிலில் சனங்கள் சொல்கிற மாதிரி, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றான். உடனே எனக்கு மடமடவென்று வந்தது. ரைட் ரெண்டு, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். மேடு தாண்டி லெஃப்ட் நாலு, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். இப்படியே முழுப்பாதையும் ஓடி முடித்தோம். முடிவில் நேரம் குறிக்கிறவர் ஜன்னலில் கையை நீட்டி, "டைம் கார்ட் கொடி சார்" என்று கன்னடத்தில் கார்டைக் கேட்டதற்கும் டிரேவர், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றுதான் சொன்னான். எங்கள் பிரிவில் இரண்டாம் பரிசு.

அங்கேதான் வினை. அடுத்த மாதம் கோவைப் பக்கம் பெரிய ராலி. பரிசு வாங்கியதில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை, இன்னும் வேகமாகப் போகலாம் என்கிறான். கார் உங்களுடையது, தாய்மாமன் நீங்கள். உடனே புறப்பட்டு வந்து சாவியை வாங்கி, காரைத் திருச்சிக்கு ஓட்டிக்கொண்டு போய்விடவும். நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம்.

வீட்டில் ஜூலியா அக்காவுக்கு என் வணக்கம். மாதா உங்கள் இருவருக்கும் துணையிருந்து, முழங்காலையும் குணமாக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்
மதலைமுத்து

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது டிரேவர் கோவைப் பாதையின் படத்தை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். "டாடி, இந்த எடத்துல கொஞ்சம் முன்னாடியே சொல்லிடுவீங்களா?" என்று கேட்டான். மச்சான், அவன் ஆபீஸ் வேலையை விட்ட நாளிலிருந்து எங்களுக்குள் "சாப்டியா", "ம்" தவிர வேறு பேச்சே கிடையாது. காருக்குள் வளைவுக்கு அந்தப்பக்கம் என்ன இருக்கிறது என்று அவன் கண்ணுக்குத் தெரியாது. நான் சொன்ன ஒரு சொல்லை நம்பி, அத்தனை வேகத்தில் திருப்புகிறான். எனக்குச் சிக்மகளூரில் காருக்குள்ளேயே அழுகை வந்துவிட்டது, ஹெல்மெட் இருந்ததால் தப்பித்தேன். ஆகவே நீங்கள் வர வேண்டாம். பெர்னதெத்திடம் கோவைக்குத் தியானத்துக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறேன், கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லவும். மீறி வந்தாலும் காரை நாங்கள் தரமாட்டோம்.