எட்டாவது பொன்னாடை

எப்போதும் ஜெயிக்கிறவன் என்று ஒரு ரகம் இருக்கிறது. தெருவுக்கு ஒன்று நிச்சயம். சீட்டில் ஜெயிப்பான், வாய்ச்சண்டையில் ஜெயிப்பான், பஸ்ஸில் ஜன்னலோரத்து சீட்டையும் ஜெயிப்பான், ஜெயித்துவிட்டு, "என்னப்பா, ஒருத்தரும் பேச மாட்டேங்கிறீங்க?" என்று நம்மிடமே கேட்பான். இரண்டாயிரத்து ஐந்து வரைக்கும் திண்டுக்கல்லில் அந்த ரகத்துக்குத் தலைவன் நம்ம இருதயநாதன்தான்.

அவன் ஜெயித்தது கம்ப்யூட்டரில் ஆடுகிற சண்டை ஆட்டத்தில். நாலு குடியானவர்களையும் ஒரு குடிசையையும் கொடுப்பார்களாம்; விறகு வெட்டி, வயல் உழுது, கோட்டை கட்டி, படை திரட்டி, எதிராளி ஊரைப் போய்க் கொளுத்த வேண்டுமாம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சூசைமுத்துவின் பிரவுசிங் சென்டரில் எட்டு கம்ப்யூட்டர். எதில் யார் உட்கார்ந்தாலும், அவர்கள் விதை போடுவதற்குள் இவன் குதிரைகள் வாசலில் வந்து நிற்கும். ஜெயிக்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஜெயித்த பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, "நீ எங்க தோத்த தெரியுமா? மூணாவது நிமிஷத்துல" என்று ஆரம்பிப்பானே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஆட்டம் இருபது நிமிஷம். விளக்கம் நாற்பது.

மதுரையில் ஒரு கப், திருச்சியில் ஒரு கப், கோயம்புத்தூரில் இரண்டு. வீட்டு அலமாரியில் மாதா சுரூபமே கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டியதாயிற்று. தங்கை ஐரின் தெரியாத்தனமாக ஒரு கப்பில் கரண்டிகளைப் போட்டுவைத்ததற்கு மூன்று நாள் அவளோடு பேச்சில்லை.

கடைசியில் என்ன ஆயிற்று? சென்டர் வாசலில் அவன் செருப்பைக் கழற்றும்போதே, உள்ளே இருக்கிற ஏழு பேருக்கும் ஒரே சமயத்தில் ரிசல்ட் பார்க்கிற வேலை வந்துவிடும். தீபாவளிக்கு முதல் நாள் என்ன பரீட்சை, என்ன ரிசல்ட்?

ரெட்டியார்சத்திரத்தில் ஒரு போட்டி வைத்தார்கள். முதல் ஆளாகப் போய்ப் பேர் கொடுத்தான். வேண்டாத ஆளை நம் ஊரில் எப்படிக் கழற்றிவிடுவார்கள்? திட்டியா? சேச்சே. மேடை ஏற்றித்தான்.

"அண்ணே, உங்க தகுதிக்கு எங்ககூட வந்து ஆடலாமாண்ணே? நீங்க சிறப்பு விருந்தினரு."

பொன்னாடை போர்த்தி, கையில் ரோஸ்மில்க்கைக் கொடுத்து உட்காரவைத்தார்கள். எழுதப் பழகுகிற பிள்ளை மாதிரி அவனவன் தட்டித் தடவி ஆடுவதைப் பார்த்துக்கொண்டு, விரல்கள் துடிதுடிக்க, நாள் முழுக்க உட்கார்ந்திருந்தான். அப்புறம் நத்தம், ஒட்டன்சத்திரம், பழனி. எங்கே போனாலும் போர்த்தினார்கள். பொன்னாடை ஏழு சேர்ந்தது. ஆட ஒரு ஆள் சேரவில்லை.

மிஞ்சியது தோல் மண்டி அக்பர் அலி மகன் முகமது ரஃபீக் ஒருத்தன்தான். நானூறு ஆட்டம் தோற்றவன். சிரித்துக்கொண்டே தோற்றவன். அவனும் ஒரு நாள் சொல்லிவிட்டான்.

"மாப்ளே, ஒரே ஒரு ஆட்டம் எங்கிட்ட நீ தோக்கணும். இல்லேன்னா நாளையிலேருந்து நான் கேரம்போர்டுக்குப் போறேன்."

இருதயநாதன் கணக்குப் போட்டுப் பார்த்தான். இவனும் போய்விட்டால் அப்புறம் யாரோடு?

"அம்புட்டுதானே? தோத்துட்டுப் போறேன்."

உட்கார்ந்தான். மதில் கட்டவில்லை. படை திரட்டவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டான். ரஃபீக்கின் யானைகள் அசைந்து அசைந்து வந்து கோட்டைக் கதவை முட்டுகின்றன; குடிசைகள் எரிகின்றன; பாவம், குடியானவர்கள் குடும்பத்தோடு ஓடுகிறார்கள். இன்னும் செத்த நேரம் பொறுத்தால் சிநேகிதம் பிழைத்துவிடும். கை பொறுத்துக்கொண்டது. வாய்?

"ஏலே, கதவுல ஏன் முட்டுற? மதில் ஓரமா விடு. அங்கதான் ஆளில்ல."

ரஃபீக் விட்டான். மதில் சரிந்தது.

"இப்ப வில்லுக்காரனை முன்னால கொண்டா. முன்னாலடா."

கொண்டுவந்தான். கோட்டை விழுந்தது. ஆறு வருஷத்தில் முதல் தோல்வி. சூசைமுத்து கல்லாவை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். ரஃபீக் கையை மேலே தூக்கப் போனான். அதற்குள் நம்மவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டான்.

"நீ எங்க ஜெயிச்ச தெரியுமா? நான் மதிலைக் காட்டினேன் பாரு, அங்க."

ரஃபீக் எழுந்தான். பக்கத்து கம்ப்யூட்டரை மூடியிருந்த துணியை எடுத்தான். தூசியை ஒரு தட்டுத் தட்டி, இருதயநாதன் தோளில் பக்குவமாகப் போர்த்திவிட்டான்.

"வாரேன் மாப்ளே," என்று சொல்லிவிட்டு, கேரம்போர்டுச் சத்தம் கேட்கிற பக்கமாக நடந்தான்.

சரி, இம்புட்டு நேரம் பொறுமையாகக் கேட்டீர்கள். ஆனால், 'யானையை விட்டிருக்கவே கூடாது, குதிரையைத்தான் விட்டிருக்கணும்' என்று இடையில் ஒரு தடவை வாயைத் திறந்தீர்களே? எதற்கும் ஒரு தரம் உங்கள் தோளைத் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.