மாமனாருக்கு ஒரு விளக்கம்: கேக்கில் நான் எழுதியது பற்றி

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

விவாகரத்துத் தீர்ப்பு வந்த பிறகு உங்களை இப்படி அழைக்கலாமா என்று வக்கீலிடம் கேட்கவில்லை. அதற்கும் ஒரு மனு போடச் சொல்வார். நான் நலம். உங்கள் சர்க்கரை, முழங்கால், சமையலறைக் குழாய் மூன்றும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

நேற்று மதியம் போன் செய்து, "காதலர் தினமாச்சே மாப்ள, தனியா என்ன பண்றே?" என்று கேட்டீர்கள். பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். தப்புதான். இனிமேல் போன் செய்ய வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என்ன செய்தேன் என்றால், பேக்கரியில் கேக் மேல் எழுதிக்கொண்டிருந்தேன். கல்யாணமானவனுக்கெல்லாம் அரை நாள் லீவு கொடுத்த முதலாளி என்னைப் பார்த்து, "உனக்கென்னப்பா, ஒத்த ஆளு, ரெண்டு ஷிப்டும் பாத்துடு" என்றார். விவாகரத்து ஆனவனுக்குக் கை வலிக்காது என்பது அவர் கணக்கு. நாற்பது இதயக் கேக், நாற்பது ஆர்டர் சீட்டு. என் உயிரே, என் உலகமே, என்றும் உன்னோடு. வியாபாரிகள் கண்டுபிடித்த திருநாள் என்று திட்டிக்கொண்டே ஐசிங் கிரீமைப் பிழிந்து எழுதினேன். இரண்டு வருஷத்துக்கு முன்பும் அப்படித்தான் திட்டினேன், ஆனால் வீட்டில். உங்கள் மகள் புதுப் புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். நான் செருப்பைக் கழற்றியபடி, "கூலிக்காரனுக்கு ஏது காதலர் தினம்?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்தேன். முதலாளியிடம் காட்ட வேண்டிய கோபத்தைச் சேர்ந்து வாழ்ந்த மூன்று வருஷமும் அவளிடமே காட்டினேன். அங்கே காட்டினால் வேலை போய்விடும், இங்கே காட்டினால் ஒன்றும் போகாது என்று நினைத்தேன். கோர்ட்டில் "ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டபோதுகூட, "டூட்டிக்கு நேரமாச்சு" என்றுதான் சொன்னேன்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டே எழுதிய ஒரு கேக்கை, டை கட்டிய ஒரு பையன் வாங்கிக்கொண்டு போனான். அரை மணி நேரத்தில் ஒரு நர்ஸம்மா அவன் கையைப் பிடித்துத் தரதரவென்று கடைக்குள் இழுத்துவந்தாள். பெட்டியைத் திறந்தால், சிவப்பு எழுத்தில், "தப்பு என் மேலதான். மன்னிச்சிடு."

"நான் 'மன்னிப்பு எதுக்கு'ன்னு மட்டும்தாங்க கேட்டேன்," என்றாள் நர்ஸம்மா. "இவன் வரிசையா கொட்டிட்டான். என் தங்கச்சி கல்யாணத்தன்னைக்குக் காய்ச்சல்னது பொய்யாம். நான் வாங்கிக் கொடுத்த சட்டையைத் தூக்கிக் கூட்டாளிக்குக் கொடுத்துட்டானாம். நாலு வருஷமா அவங்க அம்மாகிட்ட என்னைப் பத்தி மூச்சே விடலையாம்!"

"நான் எழுதச் சொன்னது 'என்றும் உன்னோடு'ங்க!" என்று பையன் அழாத குறையாகச் சொன்னான்.

"யாருய்யா எழுதினது?" என்றார் முதலாளி.

கையைத் தூக்கினேன். சீட்டு மாறிவிட்டது என்று புளுகினேன்.

நர்ஸம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்போ இது வேற யாருக்கோ போக வேண்டியதா? பாவம், அந்தப் பொண்ணு எத்தனை நாளா காத்துட்டிருக்கோ."

நான் ஐசிங் கத்தியைத் துடைத்தேன். ஏற்கனவே துடைத்த கத்திதான். வேறு கேக் எழுதித் தருகிறேன் என்றதற்கு, "வேண்டாம். முதல்ல இவன் வீட்ல போய்ச் சொல்லட்டும், அப்புறம் எழுதிக்கலாம்" என்று சொல்லி, பெட்டியை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். பையன் பின்னாலேயே ஓடினான். அவனுக்காவது ஓட நேரம் இருந்தது.

அந்தக் கேக்கைக் குப்பையில் போட்டுவிட்டேன். எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. உங்கள் மகளிடம் இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம். மாத்திரையை மறக்காமல் போடுங்கள். அத்தைக்கு என் வணக்கம், அவர் ஏற்றுக்கொண்டால்.

இப்படிக்கு,
முன்னாள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: குப்பையில் போட்டேன் என்பது பொய். கடிதத்தோடு வந்திருக்கும் பெட்டியைச் சாய்க்காமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். நீங்கள் ஒரு விரல்கூட வைக்கக் கூடாது, சர்க்கரை. உங்கள் மகள் வேலை விட்டு வந்ததும் அவளே திறக்கட்டும். "எதுக்கு?" என்று கேட்டால், நீங்களே ஒரு போன் செய்யுங்கள் மாமா. இந்த முறை வைக்க மாட்டேன். வரிசையாகச் சொல்கிறேன்.